வன்னியில் நடுக்கோடைத் தோட்டம்: எப்படித் தண்ணி விடுவது, எதை எப்போது ஆய்வது

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கிவிட்டால் வன்னியில் தோட்டம் வைத்திருப்பவருக்கு இரண்டே வேலை: தண்ணி விடுவது, காய் ஆய்வது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் எடுபிடி வேலைகள்தான். புதிதாகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆடி வெயிலில் புதுப் பாத்தி கொத்தி, கன்று வாங்கி நட்டு, அது வாடியதும் இன்னும் நாலு கன்று வாங்கி நட்டு, அந்த அலைச்சலில் ஏற்கனவே காய்த்து நின்ற வெண்டி முற்றி நாராகிப் போயிருக்கும். சித்திரை, வைகாசியில் ஏதோ கொஞ்சம் நட்டு, இப்போது அது காய்க்கத் தொடங்கியிருக்க, இனி என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஜூலையில் அனுப்புகிற தோட்டப் படங்களை வைத்து உங்கள் தோட்டத்தை எடைபோடாதீர்கள். லண்டனில் ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கு மேல். அவர்களுக்கு வருடத்தில் செடி வளர்கிற காலமே அதுதான். கிளிநொச்சியில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணித்தியாலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். சூரியன் நமக்கு உச்சிக்கு நேரே வருவது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும். இடைப்பட்ட மாதங்களில் தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வருகிறது, வந்ததும் இலையிலும் மண்ணிலும் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள், அது அந்த மண்ணுக்குச் சரி. எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான், ஆகவே ஆடியில் இருப்பதைக் காப்பாற்றி, காய்ப்பதை விடாமல் ஆய்ந்து எடுப்பதுதான் கெட்டித்தனம்.

முதலில் கிணற்றைப் பாருங்கள்

தோட்டத்துக்குள் இறங்குமுன் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். விடிய இருந்த மட்டம், இறைத்து முடிந்ததும் இருக்கிற மட்டம், மறுநாள் விடிய எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை ஒரு கிழமை கவனித்தால் உங்கள் தோட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கிணறே சொல்லிவிடும். இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடுகிற பக்கத்துக் கிணறுகளில் சிறுபோக நெல் நடக்கும்வரை ஊற்று நன்றாக இருக்கும், வாய்க்கால் நின்றதும் மட்டம் இறங்கும். குளம் வற்றினால் குளத்தடிக் கிணறும் கூடவே வற்றும். கடலோரத்தில், முல்லைத்தீவுப் பக்கம் மணல் காணிகளில், ஆழமாக இறைத்தால் உவர் ஏறும். அங்கே ஒரேயடியாக மோட்டரைப் போட்டு அடிமட்டம் வரை இறைக்காமல், கொஞ்சம் இறைத்து, விட்டு, மறுபடி இறைப்பது நல்லது.

கணக்கு எளிது. இந்த மாதங்களில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு லீற்றர் தண்ணி தேவைப்படும். பத்து அடி நீளம், மூன்று அடி அகலப் பாத்தி என்றால் பத்து லீற்றர் வாளியில் இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவு. அப்படிப் பத்துப் பாத்தி இருந்தால் தினம் பதினைந்து, பதினாறு வாளி. உங்கள் கிணறும் உங்கள் கையும் அதைத் தாங்குமா? தாங்காது என்றால் இன்றைக்கே இரண்டு, மூன்று பாத்தியைக் கைவிடுங்கள். எல்லாவற்றுக்கும் அரைகுறையாக விட்டு எல்லாவற்றையும் இழப்பதைவிட இது மேல். முதலில் கைவிட வேண்டியது தக்காளி, கடைசிவரை வைத்திருக்க வேண்டியது கத்தரி, மிளகாய். தக்காளிக்கும் கத்தரிக்கும் காரணம் கீழே வரும்.

தண்ணி விடுகிற முறை

விடிய ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பிவிடும், பிறகு விடுகிற தண்ணியில் பாதி காற்றுக்குத்தான் போகும். விடிய முடியாதவர்கள் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு விடலாம்.

இலைக்கு மேலே தெளிக்காமல் அடிக்கு விடுங்கள், அதிலும் உவர்க் கிணறு என்றால் கட்டாயம். இலையில் காய்ந்த உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும்.

செம்மண் காணியில் (வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம்) ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக விட்டால் வேர் கீழே இறங்கும். ஒன்றரை நாள் தண்ணி இல்லாவிட்டாலும் செடி தாங்கும். மணல் காணியில் அது நடக்காது, அங்கே தினமும், முடிந்தால் இரண்டு நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எந்த மண்ணானாலும் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மேலே மண் வெடித்திருந்தாலும் பரவாயில்லை.

மத்தியானத்தில் பூசணி, புடோல் இலைகள் தொங்கிப் போய் நிற்பதைப் பார்த்துப் பயந்து வாளியோடு ஓட வேண்டாம். பின்னேரம் அவை தானாக நிமிர்ந்துவிடும். விடிய ஆறு மணிக்கும் வாடி நின்றால்தான் பிரச்சினை.

முருங்கை, தேசி, மா போன்ற இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுங்கள். அது கசிந்து கசிந்து வேரை ஈரமாக வைத்திருக்கும். முட்டி இல்லாவிட்டால் அடியில் ஊசித்துளை போட்ட சோடாப் போத்தலும் காணும். பரலில் தண்ணி சேர்த்து வைப்பவர்கள் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், நுளம்பு ஒரு கிழமைக்குள் குடும்பம் நடத்திவிடும்.

மண்ணை மூடுங்கள், காற்றை மறியுங்கள்

வெறும் மண் தெரியவே கூடாது. காலபோக வைக்கோல் மிச்சம் இருந்தால் அது, இல்லாவிட்டால் சருகு, வேலியில் வெட்டுகிற கிளிசரியாக் குழை, காய்ந்த வாழை இலை, எதுவானாலும் நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். செடித்தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும், கறையானும் வரும். வாழையடியிலும் தேசியடியிலும் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வன்னியில் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைக்கோலுக்குக் கீழே குளிர்ச்சி, குளிர்ச்சி இருந்தால் தவளை, தவளை இருந்தால் பாம்பு. புடையன் அசையாமல் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. விடியச் செருப்போடு போகாமல் சப்பாத்தோடு போங்கள், கையை விடுமுன் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள், இருட்டென்றால் ரோச் கொண்டு போங்கள். புதிதாக விடுவிக்கப்பட்ட காணியில் கொத்துபவர்கள் மண்ணுக்குள் தெரியாத இரும்பு எதையும் கண்டால் (அது வெடிபொருளாக இருக்கலாம்) தொடாமல், அந்த இடத்தை அடையாளப்படுத்திவிட்டுக் கிராம சேவையாளருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே தோட்டத்தின் அந்தப் பக்கத்தில்தான் மறைப்பு வேண்டும். கிடுகு, பனையோலை, பழைய சேலை எதுவும் சரி, ஆனால் முற்றாக அடைக்காமல் கொஞ்சம் காற்று ஊடே போக விடுங்கள், இல்லாவிட்டால் முதல் பெருங்காற்றில் மறைப்பே செடிக்கு மேலே சாயும். பாகல், புடோல் பந்தல்களின் கால்களை இப்போதே ஆட்டிப் பார்த்து, ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுங்கள். காய் நிறைந்த பந்தல் விழுந்தால் கொடியைத் திருப்பி எடுக்க முடியாது.

இனி ஆய்தல்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இங்கேதான். காய் பெரிதாகட்டும் என்று விட்டுவைக்கிறார்கள். செடியின் நோக்கம் உங்களுக்குக் கறி தருவதா? விதை போடுவதுதான் அதற்கு வேண்டியது. ஒரு காய் முற்றி விதை ஆகிவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். ஆகவே சமைக்க ஆளில்லாத நாளிலும் ஆயுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், மாட்டுக்குப் போடுங்கள், செடியில் மட்டும் விடாதீர்கள்.

வெண்டி: பூ விரிந்து ஐந்து, ஆறு நாளில் காய் தயார். இந்தச் சூட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயாவிட்டால் தப்பிவிடும். நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் நார். கையால் இழுக்காமல் கத்தியால் காம்போடு வெட்டுங்கள். கை அரிக்கும், நீளக்கைச் சட்டை போடுங்கள். முற்றியது தென்பட்டால் அதையும் வெட்டி எறியுங்கள், விதைக்கு என்று குறித்து வைத்ததைத் தவிர.

பயற்றை: இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை. உள்ளே பயறு புடைத்துத் தெரியுமுன் எடுக்க வேண்டும். காய் தொங்குகிற காம்பின் உச்சியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும், அதிலிருந்துதான் அடுத்த பூ வரும். காம்போடு சேர்த்துப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் இனிக் காய் இல்லை. ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காயை மட்டும் முறியுங்கள். சின்னப் பிள்ளைகளை ஆய விடுபவர்கள் இதை முதலில் காட்டிக் கொடுங்கள்.

கத்தரி: தோல் பளபளப்பாக இருக்கும்போது. மங்கத் தொடங்கினால் உள்ளே விதை முற்றிக் கறி கசக்கும். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை ஆய்ந்தால் போதும். 'திருநெல்வேலி ஊதா' போன்ற வடக்கில் பழகிய இனம் இந்த வெயிலுக்கு நன்றாகவே நிற்கும். கத்தரியைக் கடைசிவரை வைத்திருக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காய்ப்பு ஓய்ந்த பிறகு ஆவணி கடைசியில் நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, எரு போட்டுத் தண்ணி விட்டால் அது தளிர்த்து, மாரியோடு மறுபடி காய்க்கும். இந்த வெப்பத்தின் நடுவில், ஆடியில், வெட்ட வேண்டாம். வெட்டிய கட்டை காய்ந்துவிடும்.

மிளகாய்: பச்சையாக ஏழு, பத்து நாளுக்கு ஒருமுறை. கிளை சட்டென்று முறியும், அதனால் கிளையைப் பிடித்துக்கொண்டு காயை மேல்நோக்கித் தூக்கி முறியுங்கள். செத்தல் வேண்டுமென்றால் சில செடிகளைப் பழுக்க விடுங்கள், ஆனால் எல்லாச் செடியையும் விட்டால் காய்ப்பு நின்றுவிடும். கிளி வருகிற ஊர் என்றால் பழுக்கவிடுகிற செடிக்கு வலை போடாமல் செத்தலைக் கனவு காணாதீர்கள்.

பாகல்: காயின் முள்முள்ளான வரம்புகள் பச்சையாகவும் இறுக்கமாகவும் இருக்கும்போது, பூத்துப் பன்னிரண்டு, பதினான்கு நாளில் எடுங்கள். நுனி மஞ்சளித்தால் தப்பிவிட்டது, உடனே அகற்றுங்கள். புடோலங்காய் வளைந்தால் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், நேராகும்.

பூசணி: கொடியில் பூ நிறைய, காய் இல்லை என்பது இந்த மாதங்களில் எல்லோரும் சொல்கிற முறைப்பாடு. சூட்டில் ஆண்பூ அதிகமாக வரும். அடியில் சின்னக் காய்போலப் புடைத்திருப்பது பெண்பூ. விடிய ஏழு, எட்டு மணிக்குள் ஒரு ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, உள்ளிருக்கிற மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பிடித்த காயை ஆய அவசரமில்லை, காம்பு காய்ந்து கட்டையாகும்வரை விடுங்கள். அப்படி எடுத்த காய் அடுப்படி மூலையில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

தக்காளி: இதைப்பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பகலில் 34, 35 பாகை, இரவிலும் சூடு தணியாத காலத்தில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். மருந்து அடித்தோ பசளை போட்டோ அதை நிறுத்த முடியாது. ஏற்கனவே பிடித்த காய்களையும் முழுச் சிவப்பாகும்வரை செடியில் விடாமல், அடியில் இளஞ்சிவப்புத் தட்டியதும் ஆய்ந்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கடும் சூட்டில் செடியிலேயே பழுத்தால் நிறம் மஞ்சளாகத்தான் நிற்கும், காகமும் அணிலும் கொத்தும். அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் அது ஒருநாள் தண்ணி, இரண்டுநாள் வரட்சி என்று மாறிமாறி விட்டதன் விளைவு. நல்ல தக்காளி தை, மாசியில் சாப்பிடலாம்.

கீரை: முளைக்கீரை விதைத்து மூன்று கிழமையில் பிடுங்கலாம், கொஞ்சம் நிழல் உள்ள இடத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி விதைத்து வந்தால் அறாமல் கிடைக்கும். ஆடியில் புதிதாக விதைக்கலாம் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். பசளியும் பொன்னாங்காணியும் கிணற்றடியில் கழிவுத் தண்ணி போகிற வாய்க்கால் ஓரத்தில் நட்டுவிட்டால் தனியாகக் கவனிப்பே தேவையில்லை. சவர்க்காரத் தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போகாமல் பாருங்கள்.

எல்லாவற்றையும் விடிய ஆயுங்கள். வெயிலேறிய பிறகு ஆய்ந்த காய் மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். சந்தைக்கோ பக்கத்துக் கடைக்கோ கொடுப்பவர்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடி வையுங்கள்.

பூச்சி

வரண்ட காலத்துப் பூச்சிகள் சின்னவை, இலைக்குக் கீழே இருப்பவை: வெள்ளை ஈ, இலைப்பேன், சிற்றுண்ணி, அழுக்கணவன். தினம் ஐந்து இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். மிளகாய் இலை சுருண்டு குருமன் பிடித்தால் தொடக்கத்திலேயே அந்த நுனியை வெட்டி எரியுங்கள். முழுச் செடியும் சுருண்டுவிட்டால் பிடுங்கிவிடுவதுதான் ஒரே வழி, பக்கத்துச் செடிகளாவது தப்பும். வெண்டி இலை நரம்பு மஞ்சளித்து வலைபோலத் தெரிந்தாலும் அப்படியே, அது வெள்ளை ஈ பரப்புகிற வைரசு, மருந்தில்லை.

இந்த மாதங்களில் முற்றம் முழுக்க வேப்பம்பழம் விழுகிறதே, அதைக் கூட்டி எறியாமல் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் காயவையுங்கள். ஐம்பது கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணியில் இரவு ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடித்து, துளி சவர்க்காரம் கலந்து பின்னேரம் இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் சத்து போய்விடும். கிழமைக்கு ஒருமுறை அடிக்க வேண்டும், பூச்சி உடனே செத்து விழாது, மெல்ல மெல்லத்தான் குறையும்.

கத்தரி நுனி ஒன்று மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியை ஒரு சாண் கீழே வெட்டி எரியுங்கள், ஓட்டை விழுந்த காயையும் கூடவே. பாகலுக்கும் புடோலுக்கும் பழ ஈ வரும், பிஞ்சாக இருக்கும்போதே பழைய கடதாசிப் பையால் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த காயை அங்கேயே விடாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டால் உள்ளே இருக்கிற புழுக்கள் வெந்துபோகும்.

மாடு, குரங்கு, மயில்

காடு காய்ந்ததும் எல்லாம் ஊருக்குள் வரும். கட்டாக்காலி மாட்டுக்குக் கதியால் வேலியை இறுக்கி அடைப்பதுதான் வழி. மயிலுக்கு நாற்று மேடைக்கு மேலே வலை. குரங்குக்கு முழுமையான வழி எதுவும் இல்லை, நாயும் சத்தமும் கொஞ்சம் உதவும், பழுக்குமுன் ஆய்ந்துவிடுவது அதைவிட உதவும். காட்டுப்பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், அதில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். வேண்டாம்.

எரு

காய்க்கிற செடி பசியோடுதான் நிற்கும், ஆனால் காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவினால் வேர் கருகும். புதுக் கோழியெருவும் அப்படித்தான். மாட்டெருவை ஒரு பரலில் தண்ணியோடு நாலைந்து நாள் ஊறவிட்டு, தெளிவைத் தேநீர் நிறத்துக்கு ஐதாக்கி, பாத்திக்குத் தண்ணி விட்ட பிறகு செடிக்கு ஒரு பேணி அளவு ஊற்றுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை காணும்.

மிஞ்சியதும், அடுத்த போகமும்

இந்த வெயிலை உங்கள் பக்கம் திருப்ப ஒரு வழி வத்தல். பாவற்காயை வட்டமாக வெட்டி உப்புப் போட்டுப் பிரட்டிக் காயவையுங்கள். மிளகாயைக் கீறி உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவிட்டு, பகலில் எடுத்துக் காயவிட்டு, இரவு திரும்ப அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படிச் செய்தால் மோர்மிளகாய். கத்தரியும் வெண்டியும் வத்தலாகும். காற்று பலமான முற்றத்தில் மண் பறந்து விழும், மேலே மெல்லிய துணி கட்டுங்கள்.

விதைக்கு, நோயில்லாத நல்ல செடியில் இரண்டு, மூன்று காயை இப்போதே நூல் கட்டிக் குறித்து விடுங்கள். வெண்டியும் பயற்றையும் செடியிலேயே காயட்டும், கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான போத்தலில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையில் வந்த செடியிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. மிளகாயில் எம்.ஐ.2 போன்ற சாதாரண இனமாக வைத்திருந்தால் விதை வாங்குகிற செலவே இல்லை.

ஓய்ந்துபோன பாத்திகளை ஆவணியில் வெறுமனே விடாமல், பழைய செடியைப் பிடுங்கி, எருவும் குழையும் போட்டு மூடி வையுங்கள். ஆவணி கடைசியில், அல்லது புரட்டாதி பிறந்ததும், கிடுகு நிழலுக்குக் கீழே உயர்த்திய மேடையில் மிளகாய், கத்தரி நாற்றுப் போட வேண்டும். மிளகாய் நாற்று ஒரு மாதம் மேடையில் நிற்கும், எடுத்து நடுகிற நேரத்தில் முதல் மழை வந்துவிடும். மேடையை இப்போது நிற்கிற பாத்திகளைவிட ஒரு சாண் உயரமாக்குங்கள், ஐப்பசி மழை தண்ணி தேங்க வைக்கும் மழை. விதைக்கோ நோய்க்கோ சந்தேகம் வந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருப்பார், வாடிய கொப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், வாயால் விளங்கப்படுத்துவதைவிட அது சுலபம்.